வெளியாகாத ஒரு திருத்தம்

பத்திரிகைகளில் 'திருத்தம்' என்றொரு சிறு பெட்டி உண்டு. பெரும்பாலான வாசகர்கள் அதைக் கவனிப்பதில்லை. உள்பக்கம் ஒன்றின் கீழ்மூலையில், விளம்பரங்களுக்கு நடுவே, நான்கு வரிகளில் அது ஒடுங்கிக் கிடக்கும். முப்பது ஆண்டுகளை நெருங்கும் பத்திரிகை வாழ்வில் அத்தகைய பெட்டிகள் பலவற்றை எழுதியிருக்கிறேன். மரண அறிவித்தலில் மாறிப்போன திகதி, கூட்டத்துக்கே வராத பிரமுகரைப் பேசியதாக எழுதிய செய்தி, ஒருவரின் பெயருக்குக் கீழே இன்னொருவரின் படம் என்று எல்லாவற்றுக்கும் வருத்தம் தெரிவித்தாயிற்று. எழுதாமல் விட்ட திருத்தம் ஒன்று மட்டும் இன்றும் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. அதன் கதையைத்தான் இங்கே சொல்ல விழைகிறேன்.

1997 ஆம் ஆண்டின் தொடக்கம். கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியராக அப்போதுதான் சேர்ந்திருந்தேன். பேராதனையில் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றவன் நான். க.பொ.த. சாதாரண தரத்தோடு எனக்கும் விஞ்ஞானத்துக்குமான உறவு முடிந்துவிட்டது. ஆனால் பத்திரிகை அலுவலகத்தில் யாருக்கு எது தெரியும் என்று பார்த்து வேலை பகிர்வதில்லை. யாருடைய மேசை காலியாக இருக்கிறது என்று பார்த்தே பகிர்வார்கள். வாரம் ஒருமுறை வரும் விஞ்ஞானப் பக்கம் அவ்வாறுதான் என்னிடம் வந்து சேர்ந்தது. வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் அனுப்பும் ஆங்கிலக் குறிப்புகளைத் தமிழாக்கி, ஒரு படத்தையும் சேர்த்து, தலைப்பிட்டுக் கொடுத்தால் பக்கம் நிரம்பிவிடும்.

அந்த ஜனவரியில் வந்த குறிப்பொன்று ஏஞ்சல்மன் நோய் பற்றியது. இந்நோயுடைய பிள்ளைகளுக்குப் பேச்சு வருவதில்லை. வந்தாலும் ஒருசில சொற்கள்தாம். நடை தள்ளாடும். வலிப்பு வரும். ஆனால் அவர்கள் அடிக்கடி, வெளிப்படையான காரணம் எதுவுமின்றிச் சிரிப்பார்கள். இந்நோய்க்குக் காரணமான மரபணுவை அமெரிக்காவில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்திருந்தன. யூபிஈ3ஏ என்பது அதன் பெயர். அந்த மரபணுவில் தாயிடமிருந்து வந்த பிரதி கெட்டுப்போனால்தான் நோய் வருகிறது என்றும் தந்தையிடமிருந்து வந்த பிரதி கெட்டால் வருவதில்லை என்றும் குறிப்புக் கூறியது. தகவல் சரியானதே. அதற்கு நான் இட்ட தலைப்பு: 'குறை தாயிடமே: விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு'. மூன்று பத்தி அகலத்துக்குக் கச்சிதமாகப் பொருந்திய தலைப்பு. அதில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

மூன்று நான்கு வாரங்களின் பின் ஒருநாள் வரவேற்பறைக்கு வருமாறு அழைத்தார்கள். முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் காத்திருந்தார். மடியில் நாலைந்து வயதுப் பையன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, மாமியாருடன் லொட்ஜ் ஒன்றில் தங்கி, வெளிநாட்டிலுள்ள கணவன் தன்னைக் கூப்பிடும் நாளுக்காகக் காத்திருப்பவர். அந்நாள்களில் கொழும்பு லொட்ஜுகளில் அவ்வாறு காத்திருந்தோர் பலர்.

"இதை எழுதினது நீங்களோ ஐயா?" என்று ஒரு பத்திரிகை நறுக்கை நீட்டினார். என் பக்கம்தான். தலைப்பின் கீழ் நீலப் பேனாவால் இரண்டு கோடுகள் இழுக்கப்பட்டிருந்தன.

"ஓம்" என்றேன்.

"மாமி வெட்டி வைச்சிருக்கிறா. கடிதத்துக்குள்ள வைச்சு அவருக்கும் ஒண்டு அனுப்பிப்போட்டா. 'நான் அப்பவே சொன்னனான், இது உன்ர பக்கத்தாலதான் வந்தது எண்டு. இப்ப பேப்பரிலயும் போட்டிட்டாங்கள்' எண்டு சொல்லுறா."

பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். கையை நீட்டி என் சட்டைப்பையிலிருந்த பேனாவைப் பிடிக்க முயன்றான். அவர் அவனுடைய கையை மெல்ல விலக்கினார்.

"இவனுக்கு இந்த வருத்தம்தான் எண்டு ஒரு டொக்டரும் சொல்லேல்லை, ஐயா. நான் கேக்கிறது ஒண்டுதான். இது தாயின்ர பிழை இல்லையெண்டு ஒரு வரி போடுவீங்களோ?"

"பார்ப்பம்" என்றேன். வேறென்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மூத்த ஆசிரியர் ஒருவரிடம் விடயத்தைச் சொன்னேன். "மொழிபெயர்ப்பில பிழை இருக்கோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பிறகென்ன திருத்தம்?" என்றார். அவர் கேட்டது நியாயமாகவே அன்று எனக்குப் பட்டது. எது பிழை என்று எடுத்துச் சொல்லும் அறிவு என்னிடம் இருக்கவில்லை. அந்தப் பெண் மறுபடியும் வரவில்லை. அவருடைய முகவரியை நான் கேட்டு வைக்கவுமில்லை.

ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. பேராதனையில் ஒரே விடுதியில் என்னோடிருந்து, பின்னர் பிள்ளைநல வைத்தியரான நண்பனைச் சந்தித்தபோது இந்தக் கதையைச் சொன்னேன். அவன் நீண்ட நேரம் பேசாமலிருந்தான். பிறகு, "மச்சான், உன்ர தலைப்பில நாலு சொல்லு இருந்தாலும் பிழை ரெண்டு சொல்லிலதான். ஒண்டு 'குறை', மற்றது 'தாயிடமே'" என்றான். தேநீர்க்கடையில் பற்றுச்சீட்டின் பின்புறத்தில் அவன் கீறிக் காட்டியதையும், அதன்பின் நானாகத் தேடிப் படித்ததையும், கலைப்பட்டதாரி ஒருவனுக்குப் புரிந்த மொழியில் சொல்கிறேன்.

நம்முடைய உடற்கலம் ஒவ்வொன்றிலும் 46 நிறமூர்த்தங்கள் உள்ளன. குரோமோசோம் என்று தமிழக நூல்கள் குறிப்பிடுவது இதைத்தான். 23 தாயிடமிருந்து, 23 தந்தையிடமிருந்து. எனவே நம் உடலின் செய்முறைக் குறிப்புகள் ஏறக்குறைய எல்லாமே இரண்டு பிரதிகளாக இருக்கின்றன. 1866 இல் தமது பட்டாணிச் செடி ஆய்வுகளை வெளியிட்ட மெண்டல், ஓர் இயல்பு தாய்ச்செடியிலிருந்து வந்தாலும் தந்தைச்செடியிலிருந்து வந்தாலும் விளைவு ஒன்றே என்று காட்டினார். விஞ்ஞானம் நெடுங்காலம் அந்தச் சமத்துவத்தை நம்பிவந்தது. பெரும்பாலான மரபணுக்களுக்கு அது இன்றும் உண்மையே.

அந்தச் சமத்துவத்துக்குப் புறம்பாக நிற்கின்றன இரண்டு நோய்கள். முதலாவதை 1956 இல் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகர வைத்தியர்களான பிராடர், லாப்ஹார்ட், வில்லி ஆகிய மூவரும் விவரித்தனர். மனித நிறமூர்த்தங்களின் எண்ணிக்கை 46 என்று சரியாக எண்ணிச் சொல்லப்பட்டதும் அதே ஆண்டில்தான். பிராடர்-வில்லி நோயுடன் பிறக்கும் குழந்தை துணிபோலத் துவண்டு கிடக்கும். பால் உறிஞ்சவும் வலுவிராது. ஆனால் சில ஆண்டுகளில் நிலைமை தலைகீழாகும். எவ்வளவு உண்டாலும் தீராத பசி பிள்ளையைப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் உணவலுமாரியைப் பூட்டி வைக்க நேரும். இரண்டாவது நோயை 1965 இல் விவரித்தவர் இங்கிலாந்தின் வாரிங்ரன் நகரில் பணியாற்றிய வைத்தியர் ஹரி ஏஞ்சல்மன். அவர் கண்டது மூன்று பிள்ளைகளை. இத்தாலியின் வெரோனா நகரில், பொம்மைப் படமொன்றைக் கையில் ஏந்திச் சிரிக்கும் சிறுவனின் பழைய ஓவியத்தைப் பார்த்த நினைவில், தமது கட்டுரைக்குப் 'பொம்மைப் பிள்ளைகள்' என்று பெயரிட்டார். பெற்றோரைப் புண்படுத்தும் பெயர் அது என்பதால் பின்னர் கைவிடப்பட்டு, அவருடைய பெயரே நோய்க்கு நிலைத்தது. தலைப்பிடுவதில் தவறியவன் நான் மட்டுமல்லன் என்பதில் ஒரு சிறு ஆறுதல்.

தீராப் பசியுடைய பிள்ளைக்கும் பேசாமல் சிரிக்கும் பிள்ளைக்கும் என்ன தொடர்பு? எவரும் அப்படியொரு தொடர்பைக் கற்பனை செய்யவில்லை. 1980களில் நிறமூர்த்தங்களை நுணுகிப் பார்க்கும் வசதி வந்தபோது, இரு நோயாளரிலும் 15 ஆவது நிறமூர்த்தத்தின் ஒரே துண்டு காணாமற் போயிருப்பது தெரிந்தது. ஒரே இழப்பு, இரண்டு வெவ்வேறு நோய்கள். 1989 இல் விடை கிடைத்தது. இழந்தது தந்தை தந்த பிரதியிலென்றால் பிராடர்-வில்லி. தாய் தந்த பிரதியிலென்றால் ஏஞ்சல்மன்.

ஏன் இவ்வாறு? அதற்கான வழியை எலிகளில் செய்த ஆய்வுகள் ஏற்கெனவே காட்டியிருந்தன. 1984 இல் கேம்பிரிட்ஜில் அசிம் சுரானியின் குழுவும், அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மக்கிராத், சோல்ரர் ஆகியோரும், தந்தையின் பங்கை இரட்டித்தோ தாயின் பங்கை இரட்டித்தோ எலிக் கருக்களை உருவாக்கிப் பார்த்தனர். நிறமூர்த்த எண்ணிக்கை சரியாக இருந்தும் அவற்றில் ஒன்றுகூடப் பிறப்புவரை வளரவில்லை. ஆகவே தாயின் பிரதியும் தந்தையின் பிரதியும் எழுத்தில் ஒன்றாக இருந்தாலும் ஏதோ ஓர் அடையாளத்தால் வேறுபட்டிருக்க வேண்டும். அந்த அடையாளத்தைத்தான் மரபணு முத்திரை என்கிறோம்.

என் தொழில் மொழியிலேயே சொல்கிறேன். மரபணு விகாரம் என்பது எழுத்துப்பிழை. ஓர் எழுத்து மாறலாம். சில வேளைகளில் ஒரு பந்தியே விடுபட்டுப் போகலாம். முத்திரை என்பது அதுவல்ல. எழுத்து ஒன்றுகூட மாறுவதில்லை. ஓரத்தில் 'இதை அச்சிட வேண்டாம்' என்று ஆசிரியர் ஒரு குறிப்பு எழுதிவிடுகிறார். மீதைல் எனும் சிறு வேதிக்கூட்டம் மரபணு இழையில் ஒட்டிக்கொள்வதே அந்தக் குறிப்பு. மனிதரிடம் புரதம் ஆக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. அவற்றுள் முத்திரை பெற்றவை நூறு அல்லது அதற்குச் சற்று மேல்தான். 15 ஆவது நிறமூர்த்தத்தின் அந்தத் துண்டில் சில மரபணுக்கள் தந்தையின் பிரதியில் மட்டும் வேலை செய்கின்றன. யூபிஈ3ஏ மூளையின் நரம்புக் கலங்களில் தாயின் பிரதியில் மட்டும் வேலை செய்கிறது. அங்கே தந்தையின் பிரதி பழுதின்றியே இருக்கிறது, ஆனால் உறங்குகிறது.

இனி என் தலைப்புக்கு வருகிறேன்.

முதலில் 'தாயிடமே' என்ற சொல். தாயின் பிரதி கெடுவது ஏன் இவ்வளவு பாரதூரமாகிறது? தந்தையின் பிரதி கைகொடுக்காததால்தான். நடந்ததைச் சொல்வதானால் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நான் பாதியைச் சொன்னேன். இன்னுமொன்று, ஏஞ்சல்மன் நோயாளரில் ஒரு சிறு பகுதியினருக்கு 15 ஆவது நிறமூர்த்தங்கள் இரண்டுமே தந்தையிடமிருந்து வந்திருக்கும். தாயின் பங்கு வந்து சேரவே இல்லை. அங்கே தாயிடம் எதைக் கெட்டது என்பது?

அடுத்தது 'குறை'. ஏஞ்சல்மன் நோயாளரில் பத்தில் ஏழு பேருக்கு நோய் வருவது அந்தத் துண்டு விடுபட்டுப் போவதால். இது பெரும்பாலும் பரம்பரையாக வருவதன்று. அந்த ஒரு முட்டை உருவாகும்போது புதிதாக நேரும் தவறு. அந்தத் துண்டின் இருபுறமும் ஒன்றையொன்று ஒத்த தொடர்கள் இருக்கின்றன. நிறமூர்த்தங்கள் இணைந்து துண்டுகளைப் பரிமாறும்போது அந்த ஒற்றுமையால் இடம் தடுமாறுகின்றன. அச்சுக் கோப்பவர் ஒரே சொல்லில் தொடங்கும் இரண்டு வரிகளைக் கண்டு நடுவிலுள்ளதை விட்டுவிடுவது போன்றது இது. பெண்ணில் இந்தப் பரிமாற்றம் நடக்கும் காலம் எதுவென்று அறிந்தபோது நான் திகைத்துப் போனேன். அவள் தன் தாயின் வயிற்றில் கருவாக இருக்கும் காலம் அது. பெண்ணின் முட்டைகள் தம் முதற்கட்டத்தை அப்போதே தொடங்கிவிடுகின்றன. கர்ப்பகாலத்தில் எதைத் தின்றாள், எந்த நேரத்தில் வெளியே போனாள், எந்தக் கோயில் நேர்த்தியை மறந்தாள் என்றெல்லாம் நம் வீடுகளில் விசாரணை நடக்கிறது. விசாரிக்கப்படும் குற்றமோ, குற்றவாளி பிறப்பதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கக்கூடிய ஒன்று. இவ்வாறு புதிதாக நேர்ந்த இழப்பு அடுத்த பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.

ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கினரில் மட்டுமே யூபிஈ3ஏ மரபணுவில் எழுத்துப்பிழை இருக்கிறது. அவர்களிலும் சிலருக்கே அது தாயிடமிருந்து வந்தது. அத்தகைய தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு 50 வீதம். இங்கேயாவது என் தலைப்பு நிற்குமா? நிற்காது. பிழையைச் சுமக்கும் அந்தத் தாய் ஏன் நலமாக இருக்கிறார்? பிழை அவருக்குத் தந்தையிடமிருந்து வந்த பிரதியில் இருப்பதால். அது உறங்கும் பிரதி. தந்தையிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு என்று ஆண்வழியே தலைமுறை தலைமுறையாக எவருக்கும் தீங்கின்றி அது கடந்து வந்திருக்கலாம். ஒருநாள் ஒரு மகளிடம் வந்து சேர்கிறது. முத்திரைகள் ஒவ்வொரு தலைமுறையிலும் அழிக்கப்பட்டுப் புதிதாக இடப்படுபவை. மகளின் முட்டையில் தந்தையின் முத்திரை அழிந்து தாயின் முத்திரை விழுகிறது. உறங்கிய பிழை அவளுடைய பிள்ளையில் விழித்துக்கொள்கிறது. வம்சத்தில் எவருக்கும் தெரியாமல் ஆண்கள் சுமந்து வந்ததற்கு, வெளியே தெரிந்த இடத்தில் நின்ற பெண் பழி ஏற்கிறாள்.

'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்பார்கள். பிள்ளை நலமாக இருந்தால் அந்தப் பழமொழியைப் பாராட்டாகச் சொல்கிறோம். பிள்ளைக்கு ஒரு குறை என்றால் அதே பழமொழி தீர்ப்பாகிவிடுகிறது. 'யாருடைய பக்கத்தால் வந்தது?' என்ற கேள்வி வைத்தியருக்குத் தேவை. அடுத்த பிள்ளைக்கு என்ன வாய்ப்பு என்று சொல்ல அது உதவும. ஆனால் வைத்தியர் கேட்பது வழியை. வீடு கேட்பது ஆளை.

பழி சொல்வதால் மனம் மட்டுமல்ல, உயிரும் பாதிக்கப்படும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. இலங்கையில் நெடுங்காலமாக அறியப்பட்ட பரம்பரை நோய் தலசீமியா. குருநாகல் போதனா வைத்தியசாலையில் அதற்கென ஒரு நிலையமே இயங்குகிறது. முத்திரையெதுவும் இல்லாத, மெண்டல் சொன்ன நேரான வழியில் வரும் நோய் இது. தாய், தந்தை இருவரும் ஒவ்வொரு பிழைப் பிரதியைச் சுமப்பவர்களானால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. வந்த பிள்ளை வாழ்நாள் முழுவதும் குருதி ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கலாம். சுமப்பவரை ஒரு குருதிப் பரிசோதனையில் கண்டறியலாம். ஆனால் 'பெண்ணின் இரத்தத்தில் ஏதோ இருக்கிறதாம்' என்று பேச்சு எழுந்தால் கலியாணம் குழம்பும் என்ற அச்சத்தில் குடும்பங்கள் பரிசோதனையைத் தவிர்க்கின்றன, தெரிந்ததையும் மறைக்கின்றன. மறைத்ததன் விலையைப் பிறக்கப்போகும் பிள்ளை கொடுக்கிறது. மச்சான், மச்சாள் முறையில் சொந்தத்துக்குள் மணம் செய்யும் நம் வழக்கம் இருவரும் ஒரே பிழையைச் சுமக்கும் வாய்ப்பைக் கூட்டுவதால், வெட்கப்படாமல் பரிசோதித்துக்கொள்ள வேண்டிய தேவை நமக்கு இன்னும் அதிகம்.

விஞ்ஞானம் இதற்கிடையில் நின்றுவிடவில்லை. மீதைல் முத்திரையைப் பார்க்கும் குருதிப் பரிசோதனை ஒன்றே பிராடர்-வில்லி நோயைப் பிறந்த சில வாரங்களிலேயே ஏறக்குறைய உறுதியாகக் கண்டறிகிறது. அப்பிள்ளைகளின் வளர்ச்சிக்கு ஹோர்மோன் சிகிச்சை உண்டு. தீராப் பசியைத் தணிக்கும் மருந்தொன்றுக்கு 2025 மார்ச்சில் அமெரிக்கா அனுமதி அளித்தது. ஏஞ்சல்மன் நோயில் ஆய்வாளர் முயல்வதோ எனக்கு இன்னும் வியப்பூட்டுவது: தாயின் கெட்ட பிரதியைத் திருத்துவதற்குப் பதிலாக, உறங்கும் தந்தையின் பிரதியை எழுப்புவது. 2011 இல் வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளின் நரம்புக் கலங்களில் ஒரு மருந்தால் அதைச் செய்து காட்டினர். அதே நோக்கத்தோடு உருவாக்கப்பட்ட வேறு மருந்துகள் பின்னர் மனிதரில் பரிசோதனைக்கு வந்துள்ளன. யாருடைய பக்கத்தால் வந்தது என்று கேட்டுக்கொண்டிருக்கும் வீடுகளுக்கு, மற்றப் பக்கத்தால் என்ன செய்யலாம் என்று ஆய்வுகூடம் பதில் தேடுகிறது.

அந்தப் பையன் இன்று உயிருடன் இருந்தால் முப்பது வயதைத் தாண்டியிருப்பான். அவனுக்கு இருந்தது ஏஞ்சல்மன் நோய்தானா என்று எனக்குத் தெரியாது. தாயும் மகனும் கணவனிடம் போய்ச் சேர்ந்தார்களா என்பதும் தெரியாது. உலகின் ஏதோ ஒரு நகரத்திலிருந்து இதை அவர் வாசிக்கக்கூடும் என்ற நினைப்பில், அவர் கேட்ட ஒரு வரியைச் சற்று நீட்டி, பத்திரிகை முறைப்படியே எழுதி முடிக்கிறேன்.

திருத்தம்: 1997 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எமது விஞ்ஞானப் பக்கத்தில் 'குறை தாயிடமே' என்ற தலைப்பில் செய்தியொன்று வெளியானது. தலைப்புத் தவறானது. இந்நோய் தாயின் பிழையாலோ தந்தையின் பிழையாலோ வருவதன்று. தலைப்பை இட்டவன் அதற்காக வருந்துகிறான்.